காந்தா சாய்த்துப் பார்க்கும் குழாய்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் ஏறியதும் காந்தா கைகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள், ஜன்னலில் சாய்த்து வைத்த கைகள், டிக்கெட் கிழிக்கும் கை. முழங்கை மடிப்பில் நரம்பு எடுப்பாகத் தெரிந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்.

"நரம்பு ஷோக்கா கீது உனுக்கு. கண்ண மூடிகினு குத்தலாம்."

அந்த ஆள் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டு இரண்டு சீட் தள்ளிப் போய் நிற்பார். கண்டக்டர் தனசேகருக்கு இது பழகிப்போன கூத்து. "யக்கா, ஏறும்போதே ஆரம்பிச்சிட்டியா? இருக்கிற பாசஞ்சரும் எறங்கிப் பூடுவான்" என்பார். காந்தா சளைக்க மாட்டார். "உன் நரம்பு ஒளிஞ்சிகினு கீது. நீ ஒழுங்கா தண்ணி குடிக்கிறதில்ல" என்று பதில் வரும்.

பழவேற்காடு கடைத்தெருவில் டாக்டர் வீரராகவனின் கிளினிக் இருக்கிறது. அதன் பின்பக்க அறைதான் காந்தாவின் ராஜ்யம். ரத்தம், சிறுநீர், சளி எல்லாவற்றையும் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன் அவர். ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான, கட்டான உடம்பு. புடவைக்கு மேலே முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளை கோட்டு. மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதுகளையும் வலை பின்னும் நைலான் நூலால் கட்டிக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டிருப்பார். குனிந்து ரத்தம் எடுக்கும்போது கண்ணாடி விழாமலிருக்க அவருடைய கணவர் லோகநாதன் செய்துகொடுத்த ஏற்பாடு அது. லோகநாதன் ஏரியில் இறாலுக்கும் நண்டுக்கும் போகிறவர். வீடு பக்கத்திலேயே தோணிரேவில்; காந்தா பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய்வருவது லேப் சாமான் வாங்க.

"மீன் வாடை வாணாம்னு படிக்கப் போனேன். எங்க நைனா சுப்பராயலுதான் மெட்ராஸுக்குக் கூட்டினு போய் சேத்துவுட்டாரு. கடைசீல ஸ்பிரிட் வாடையில வந்து மாட்டிக்கினேன். வூட்டுக்குப் போனா மீன் வாடை அங்கியே கீது" என்று சிரிப்பார்.

ஊர்க்காரர்களின் பெயர் அவருக்கு அவ்வளவாக நிற்காது. ரத்த வகை நிற்கும். தெருவில் போகிறவரைப் பார்த்து, "அதோ போறாரு பாரு ஓ நெகட்டிவ். ஊருக்கே ஒருத்தரு. மனுசன் ஹெல்மெட்டு போட மாட்டேங்கிறாரு" என்று அங்கலாய்ப்பார். சாப்பிட்டுவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதிப்பவர்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இட்லி துன்னுட்டு வந்து என்கிட்ட இல்லன்றியே. நீ சொல்லாட்டி உன் ரத்தம் சொல்லிடும்யா" என்று விரட்டுவார். விரட்டப்பட்டவர்கள் மறுநாள் பட்டினியாக வந்து நிற்பார்கள்.

நான் அவரிடம் மாட்டியது காய்ச்சலோடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்க வந்த இடத்தில் உடம்பு கொதித்தது. கல்லறையிலிருந்து நாலு தெரு தள்ளி காந்தா கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். "வலிக்குமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. இவர் வேறு மாதிரி சொன்னார்: "வலிக்கும். கொஞ்சூண்டு. பொய் சொல்லி குத்தற பழக்கம் எனுக்கு இல்ல."

ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார். உறைந்து ஓடாமல் நின்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டில் தயிர்க் கிண்ணத்தையும் இப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார் என்பது லோகநாதனின் புகார். "ஒறையறதுக்குள்ள பத்து தபா ஆட்டிப் பாத்தா எந்தத் தயிரு ஒறையும்? எங்க வூட்ல எப்பவும் மோருதான்."

தேவகியின் கதையை எனக்கு முதலில் சொன்னதும் லோகநாதன்தான். பிறகு டாக்டர் சொன்னார், தேவகியே சொன்னாள். காந்தாவிடம் கேட்டபோது, "அத்த வுடு சார், வேலை கீது" என்று எழுந்து போய்விட்டார்.

தேவகி பசியாவரத்துப் பெண். அப்போது அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது, படகுதான். வயிற்றில் குழந்தையோடு இருந்தவளுக்குச் சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்கிய அன்று ரத்தம் சொன்னபடி நின்றுவிட்டது. மறுநாள் சாயங்காலம் தானாகக் கசிய ஆரம்பித்தது. தலையணை நனைந்தது. துணியை வைத்து அழுத்தி அழுத்தி, வெளுத்துப்போன முகத்தோடு அவளை அவளுடைய அம்மா பச்சையம்மா படகில் ஏற்றிக் கொண்டுவந்தாள்.

வீரராகவன் எல்லாப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். ரத்தம் உறையும் நேரம் சரியாக இருந்தது. தட்டணுக்கள் சரியாக இருந்தன. சென்னைக்கு அனுப்பிச் செய்த பரிசோதனைகளும் எல்லாம் சரி என்றே திரும்பி வந்தன. மறுபடி ரத்தம் எடுத்த இடத்தைக் காந்தா பஞ்சால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பச்சையம்மா தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு ரெண்டாம் நாளு ஆவாதும்மா."

காந்தா பஞ்சிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார். "இன்னா அது ரெண்டாம் நாளு?"

"வெட்டுப்பட்டா அன்னிக்கு நின்னுடும். அடுத்த நாளு ஒடச்சிக்கும். சின்னதுலேர்ந்தே அப்டித்தான் ரெண்டு பேருக்கும். பெரியவ முனியம்மாவுக்குப் புள்ள பொறந்துது. நல்லாத்தான் பெத்தா. எயுந்து ஒக்காந்து கஞ்சி குடிச்சா. அடுத்த நாளு ரத்தமா போச்சு, அவளும் பூட்டா. எல்லாம் போச்சு. சாபம்னு ஊரே சொல்லுது. இவ மாமியா வூட்லயும் அதான் பேசிக்கிறாங்க."

தேவகி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

காந்தா ஊசித் தட்டைக் கீழேகூட வைக்கவில்லை. அப்படியே ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போய் டாக்டரிடம் அந்த வார்த்தையை அப்படியே ஒப்பித்தார். வீரராகவன் எதிரில் இருந்த நோயாளியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

"உறையறது சரியா இருக்கு. உறைஞ்சது நிக்குதான்னு நாம பாக்கவே இல்லையே காந்தாம்மா" என்றார். "காயம் ஆறின பிறகு, உறைஞ்ச ரத்தத்தை உடம்பே கரைச்சு எடுத்துடும். ஆறறதுக்கு முன்னாடி கரைக்காம இருக்க ஒரு பிரேக் இருக்கு. அந்தப் பிரேக் இல்லாதவங்க உண்டுன்னு காலேஜ்ல படிச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரையும் பாத்ததில்ல."

செய்ய வேண்டியது சிக்கலான வேலை இல்லை. உறைந்த ரத்தத்தைக் குழாயிலேயே உடம்புச் சூட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். சாதாரண ரத்தம் உறைந்தபடி அசையாமல் கிடக்கும். சீக்கிரமே கரைந்து ஓடினால் சந்தேகம் சரி. ஆனால் பிரசவத்துக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

அன்று எடுத்த ரத்தக் குழாயைக் காந்தா கரண்டில் சூடாகும் வெந்நீர்ப் பெட்டிக்குள் வைத்தார். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். கரண்ட் போனது; மறுநாள் காலைவரை வரவில்லை. கிளினிக்கைத் திறந்து பார்த்தபோது பெட்டித் தண்ணீர் சில்லிட்டிருந்தது. குழாயில் ரத்தம் கட்டியாக அப்படியே இருந்தது.

"அப்ப இல்லைன்னு வெச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

"நான் ஒத்துக்க மாட்டேன் சார். குளுந்துபோன தண்ணில கெடந்த ரத்தம் அது. அவ உடம்பு இப்டி ஜில்லுனா கீது? இத்த நம்பி நல்லா கீறான்னு சொல்லி அனுப்ப மாட்டேன். திரும்ப எடுக்கணும்."

டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் தேவகி வரவில்லை. சொல்லியனுப்பியும் வரவில்லை. கடைசியில் காந்தாவே கிளம்பினார். லோகநாதன் முனகிக்கொண்டே படகை அவிழ்த்தார். வாடைக்காற்று ஏரியைக் கலக்கி விட்டிருந்தது. "இந்தக் காத்துல மீனுக்கே நான் போவல. ரத்தத்துக்குப் போறேன்" என்று அவர் சொன்னதை எனக்குச் சொல்லும்போதும் அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

வீட்டு மூலையில் தேவகி சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். போன தடவை ஊசி போட்ட இடம் கருநீலமாகக் கன்றி, முழங்கை மடக்க முடியாமல் வீங்கியிருந்தது. காந்தாவைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யக்கா, உன் காலுல வுயறேன். ஊசி மட்டும் வாணாம். எங்க அக்காவையும் குத்திக் குத்திப் பாத்தாங்க. இன்னா ஆச்சி? சாவுறதுன்னா இப்டியே சாவுறேன்."

பச்சையம்மா மகளை அதட்டப் போனாள். காந்தா அவளைத் தடுத்தார். வற்புறுத்தவில்லை, புத்தி சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையைத் திறந்து ரப்பர் பட்டையை எடுத்துத் தன் இடதுகையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார். வலதுகையால் ஊசியைத் தன் நரம்பில் இறக்கினார். ரத்தம் குழாயில் ஏறுவதை தேவகி வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"என்னுதும் உன்னுதும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்கணும் கண்ணு. என்னுது நின்னு, உன்னுது கரஞ்சா, அப்ப உன்கிட்ட நோவு கீது. ரெண்டுமே கரஞ்சா என் குழாயில தப்பு. ரெண்டுமே நின்னா வேற எதுன்னா தேடணும். போன தபா கரண்டு போயி கெட்டுச்சி. அது உன் தப்பு இல்ல. என்னுதுதான். அதான் நானே வந்தேன்."

ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். வெளியே லோகநாதன் காற்றைத் திட்டுவது கேட்டது. ரொம்ப நேரம் கழித்து தேவகி வீங்காத கையை நீட்டினாள். "இதான் கடைசி" என்றாள்.

"கடைசின்னு சொல்ல மாட்டேன். இன்னும் நாலு தபா எடுக்க வேண்டி வரும். ஆனா ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்லிட்டு எடுக்கறேன்."

எடுத்த பிறகு அந்த இடத்தை அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் லோகநாதன் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு குழாய்களிலும் ரத்தம் உறைந்ததும் காந்தா சாய்த்துப் பார்த்து, "ரெண்டும் கெட்டித் தயிரு" என்றார். ரப்பர் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணியில் சுற்றி, இடுப்பில் புடவைக் கொசுவத்துக்குள் உடம்போடு ஒட்டச் செருகிக்கொண்டார். கிளினிக்கில் கரண்ட் இன்னும் நிலையாக இல்லை. உடம்புச் சூடு வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த நம்பகமான இடம் அதுதான்.

திரும்பும்போது படகு ஆடியதில் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமே, புள்ளத்தாச்சி கணக்கா புடிச்சிகினு வர" என்று லோகநாதன் கேட்டார். அன்று முழுவதும் காந்தா குனியவே இல்லையாம். கீழே விழுந்ததை மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். முதுகுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தார். ஒரு குழாயில் கட்டியின் ஓரம் கரைந்து குழம்பியிருந்தது. அவர் மறுபடி செருகிக்கொண்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு நேராக டாக்டரிடம் போனார். இரண்டையும் மேஜைமேல் வைத்தார்.

"எது யாருதுன்னு சொல்ல மாட்டேன் சார். நீங்க பாத்து சொல்லுங்க."

வீரராகவன் முதல் குழாயைச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இரண்டாவதைச் சாய்த்தார். அது சிவப்புத் தண்ணீராக இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. அவர் மறுபடியும் சாய்த்தார். மறுபடியும் ஓடியது.

"இது தேவகியோடதா?"

"ஆமா சார். அப்பிடி நிக்கிறது என்னுது."

டாக்டர் சென்னையில் ரத்த நோய்களைப் பார்க்கும் பெரிய டாக்டர் ஒருவரை அப்போதே போனில் பிடித்தார். அடுத்த சில நாட்களில் தேவகியின் ரத்தம் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது. காந்தாவே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அன்று யாருடைய நரம்பையும் பார்க்கவில்லை என்று தனசேகர் சொல்கிறார். பெரிய பரிசோதனைக்கூடத்தில் சந்தேகம் உறுதியானது. உறைந்த ரத்தம் அவசரப்பட்டுக் கரையாமல் தடுக்கும் சத்து தேவகியின் உடம்பில் மிகமிகக் குறைவு. பிறவியிலேயே வந்தது. அதற்கு மாத்திரை உண்டு, ஊசி உண்டு. பிரசவத்தின்போதும் பிறகும் விடாமல் கொடுக்க வேண்டும். வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்க வேண்டும்.

இதைப் பசியாவரத்துக்குப் போய்ச் சொல்லும் வேலையையும் காந்தாவே எடுத்துக்கொண்டார். பச்சையம்மாவுக்கு மாத்திரை என்றாலே பயம். ரத்தம் நல்லா உறையுதுன்னு சொன்னீங்களே, அப்புறம் எதுக்கு மாத்திரை என்று கேட்டாள்.

"படகுல ஓட்டை வுயுந்தா அடைக்கிறோம் இல்ல? அடைச்சது நல்லாத்தான் ஒட்டிக்கிது. ஆனா பலகை சேர்றதுக்குள்ள அடைப்பு கரஞ்சி பூட்டா இன்னா ஆவும்? தண்ணி உள்ள வரும். இவளுக்கு அடைக்கிறதுல கொற இல்ல. அடைச்சது நிக்கல. இந்த மாத்திரை அத்த நிக்க வெக்கும்."

பச்சையம்மா மகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் பெரியவளுக்கும் இதானா?" என்று கேட்டாள்.

"அப்டித்தான் இருக்கணும்னு டாக்டரு சொல்றாரு. அவ ரத்தத்த இனிமே பாக்க முடியாது. ஆனா நீ சொல்றது அத்தனியும் இதோட ஒத்துப் போவுது."

"சாபம் இல்ல?"

"நோவும்மா. இதுக்குப் பேரு கீது. மருந்து கீது. சாபத்துக்கு யாரு மாத்திரை செய்வாங்க?"

பச்சையம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். தேவகி எழுந்து போய் மாற்றுத் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் தேவகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தன்று ரத்தப்போக்கு சாதாரணமாகவே இருந்தது. அதில் யாருக்கும் நிம்மதி இல்லை. முனியம்மாவுக்கும் அன்று சாதாரணமாகத்தானே இருந்தது. எல்லோரும் மறுநாளுக்காகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் காந்தா லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். வார்டில் பச்சையம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காலையிலிருந்து அப்படித்தான் நிற்கிறாள், காப்பிகூடக் குடிக்கவில்லை என்று தேவகி மெல்லச் சொன்னாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிப் போனார். பச்சையம்மா கேட்டுக்கொண்டாள், கம்பியை விடவில்லை. காந்தா தேவகியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையை இறக்கிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் கழிந்தது. மாத்திரை நேரம் வந்தது, தேவகி விழுங்கினாள். மறுபடி நர்ஸ் வந்தார், பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி இறங்கியது. தேவகி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். குழந்தை தொட்டிலில் சிணுங்கியது.

"தூக்கேம்மா" என்றாள் தேவகி.

பச்சையம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் இன்னும் அந்தக் குழந்தையைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் காந்தாவுக்குப் புரிந்தது.

"பெரியவ புள்ளைய நான் கையில வெச்சினு இருந்தேன்" என்றாள் பச்சையம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்சிகினு இருந்தேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள கட்டிலெல்லாம் ரத்தம்."

காந்தா எழுந்தார். இரும்புக் கம்பியை இறுக்கியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். சில்லிட்டிருந்த அந்தக் கைகளைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்தார். பிறகு தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி அந்தக் கைகளில் கிடத்திவிட்டு, தேவகியைப் பார்த்தபடி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீ புள்ளையப் பாரு. உன் பொண்ண நான் பாத்துக்கறேன்."